பழைய அம்பாசிடரில், அதே இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா காரிலிருந்த ஜப்பானிய இசுசூ இன்ஜினைப் பொருத்த முடியுமா?

முடியும். ஆனால் இன்ஜினை மட்டும் தனியாக வாங்காதீர்கள்.

உங்கள் மார்க் 4 அம்பாசிடரில் இருப்பது 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜின். கான்டெஸா கிளாசிக்கிலும், 1990களில் வந்த அம்பாசிடர் 1800 ஐஎஸ்இசட்டிலும் இருப்பது 1817 சிசி இசுசூ. அதற்கு ஐந்து கியர். பழைய கியர்பாக்ஸ் இதனோடு சேராது. எனவே இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுங்கள். வாங்குமுன் கிளட்ச் தட்டை கியர்பாக்ஸ் தண்டில் கையால் செருகிப் பாருங்கள். பற்கள் தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும்.

என்னைக் கேட்டால், கான்டெஸாவை விட்டுவிட்டு ஐஎஸ்இசட்டையே தேடுங்கள். இன்ஜின் ஒன்றுதான் என்றாலும் கான்டெஸாவின் உடல் வேறு. அதன் மவுண்டிங் (இன்ஜினைப் பிடிக்கும் தாங்கிகள்), பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் தண்டின் நீளம், புகைக்குழாயின் வளைவு எல்லாம் அந்த உடலுக்கானவை. ஐஎஸ்இசட்டில் இவை அம்பாசிடருக்கென்றே செய்யப்பட்டவை. பழைய இரும்புக் கடைக்காரர் பொருட்படுத்தாத அந்தத் தாங்கிகளையும் போல்ட்டுகளையும் விடாமல் கேட்டு வாங்குங்கள். ஸ்டீயரிங் அருகே இருக்கும் கியர் கம்பி போய்விடும். புதிய கம்பிக்குத் தரையில் துளை போட வேண்டும்.

வேகம் கூடும் என்பதால் பிரேக்கை முதலில் கவனியுங்கள். பிற்கால அம்பாசிடர்களின் முன்சக்கர டிஸ்க் பிரேக்கையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

இன்ஜின் எண் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கிடைக்குமா என்று விசாரித்துவிடுங்கள்.