சரக்கு தீர்ந்த இணைப்புகள்: கேள்வி பதில்

கோவையில் இருந்துகொண்டு கிரைண்டர், மிக்ஸி பற்றி எழுதி, அவற்றை விற்கும் அமேசான் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்து, அதன் வழியே யாராவது வாங்கினால் அஃபிலியேட் கமிஷன் வாங்குகிறவன் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): மாடித்தோட்டச் சாமான்கள் பற்றி எழுதுகிறேனுங்க. உடைந்த இணைப்பு தேடும் ப்ளகின் (தளத்தில் சேர்க்கும் சிறு மென்பொருள்) எல்லாம் சரி என்கிறது. வாசகரோ பொருளே இல்லை என்கிறார்.

பதில்: ப்ளகின் பொய் சொல்லவில்லைங்க. பக்கம் திறக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். பக்கமே போய்விட்டால் ‘பக்கம் இல்லை’ எனும் 404 குறியீடு வரும், பிடித்துவிடும். சரக்கு தீர்ந்தால் பக்கம் அப்படியே இருக்கும், ‘சரி’ எனும் 200 என்றே பதில் வரும். கடை திறந்திருக்கிறது, அலமாரி காலி. நம் ஆள் ஷட்டரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறான். தலைகீழாகவும் நடக்கும். அடிக்கடி தட்டினால் அமேசான் ப்ளகினை ரோபோ என்று நினைத்து ‘இப்போது தர முடியாது’ எனும் 503 காட்டும், நல்ல இணைப்பும் உடைந்ததாகத் தெரியும். அதை நம்பி அழித்துவிடாதீர்கள்.

கேள்வி (ஈரோடு): அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிப்பது?

பதில்: ஏபிஐ, அதாவது நம் மென்பொருள் அமேசானிடம் நேரடியாகத் தகவல் கேட்கும் வழி, இருந்தால் நல்லது. பொருளுக்கு அமேசான் தரும் அசின் எனும் 10 எழுத்துக் குறியீட்டைக் கொடுத்து, ஒரே தடவையில் 10 பொருள் வரை இருப்பைக் கேட்கலாம். ஆனால் விற்பனை காட்டினால்தான் அந்த வசதி கிடைக்கும். புதிதாக வந்தவர்கள் கையால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான். என்னிடம் 400 இணைப்புகள் இருக்கின்றன, காசு தருவது முப்பதுதான். அந்த முப்பதைத் திங்கட்கிழமை காலை காபியோடு திறந்து பார்ப்பேன்.

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் பார்க்காமல் விட்டேன். நான் முதலிடம் கொடுத்திருந்த டில்டிங் கிரைண்டர் தீர்ந்துபோயிருந்தது. கிரைண்டர் செய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு கிரைண்டர் இல்லாத பக்கத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்! க்ளிக் ஏறி, ஆர்டர் விழாமல் போனதைப் பார்த்துத்தான் புரிந்தது. அதிலிருந்து முக்கியமான கட்டுரை ஒவ்வொன்றுக்கும் தனி டிராக்கிங் ஐடி, அதாவது க்ளிக்கும் ஆர்டரும் எந்தக் கட்டுரையிலிருந்து வந்தன என்று காட்டும் அடையாளம். எந்தப் பக்கம் படுத்துவிட்டது என்று ரிப்போர்ட்டிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி (திருப்பூர்): பனியன் இணைப்பில் ஒரு சைஸ் மட்டும் இல்லை என்று வருகிறதுங்களே?

பதில்: சைஸ், நிறம் ஒவ்வொன்றுக்கும் தனி அசின். இருக்கிற சைஸின் இணைப்பை எடுத்துப் போடுங்கள்.

கேள்வி (கோபி): தீர்ந்த பொருளின் இணைப்பை எடுத்துவிடலாமுங்களா?

பதில்: உடனே வேண்டாம். சில சரக்கு இரண்டே நாளில் திரும்பிவரும். அதுவரை பக்கத்தில் ‘இப்போது கிடைப்பதில்லை’ என்று ஒரு வரி எழுதி, மாற்றுப் பொருள் ஒன்றைக் காட்டுங்கள். அந்த இணைப்பு வழியே போனவர் 24 மணி நேரத்துக்குள் வேறு ஏதாவது வாங்கினாலும் கமிஷன் உண்டு. ஆனால் ஒரு மாடலைப் புகழ்ந்து எழுதிவிட்டு, அடியில் சத்தமில்லாமல் வேறு மாடலின் இணைப்பைச் செருகுவதை மட்டும் செய்யாதீர்கள். வாங்கி ஏமாந்தவர் கம்பெனியைத் திட்ட மாட்டார், உங்களைத்தான் திட்டுவார்.