செம்பின் கழுத்து ஏன் வெடிக்கிறது?

கேள்வி: அண்ணாச்சி, இருபது வருசம் பட்டாளத்தில் இருந்துவிட்டு இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் மாமாவின் பாத்திரப் பட்டறையை எடுத்து நடத்துகிறேன். குறுகிய கழுத்துச் செம்பு அடித்தால் பத்தில் மூன்று வாயோரத்தில் வெடிக்கிறது. நல்லபடியாக முடித்து அடுக்கிய செம்புகளிலும் சில, யாரும் தொடாமலே ஐப்பசி மழையில் கழுத்தில் விரிசல் விட்டுவிட்டன. தோட்டாக் கூடும் பித்தளைதானே? அதன் கழுத்தை அவ்வளவு ஒடுக்கியும் வெடிக்காமல் இருக்கிறதே, எப்படி?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்குள்ளேயே முதல் இரண்டுக்கும் விடை இருக்கிறது. பட்டாளத்தில் கையில் எடுத்த தோட்டாக்களை நினைத்துப் பாருங்கள். பலவற்றில் கழுத்தைச் சுற்றிப் பழுப்பும் நீலமுமாக ஒரு நிழல் படிந்திருக்கும். அது அழுக்கு இல்லை, சூடு பட்ட தடம். கூட்டின் அடிப்பகுதியைக் கடினமாகவே விட்டுவிட்டு, கழுத்தை மட்டும் தீயில் காட்டி இளக்கியிருக்கிறார்கள். வெளிநாடுகளில் கடையில் கிடைக்காத அபூர்வ அளவுத் துப்பாக்கிகளுக்கு, கிடைக்கிற பெரிய கூட்டை எடுத்துக் கழுத்தை ஒடுக்கி மாற்றுகிறவர்கள் உண்டு. அவர்களும் ஒரே அழுத்தில் ஒடுக்குவதில்லை. ஒரு அச்சு, ஒரு சூடு, அதைவிடச் சிறிய அச்சு, மறுபடியும் சூடு என்றுதான் போவார்கள். (நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்யக் கூடாது. நாம் செம்போடு நின்றுகொள்வோம்.)

பித்தளையை அடிக்க அடிக்க அது இறுகும். நன்றாக இளக்கிய 70:30 பித்தளைத் தகடு (நூற்றில் 70 பங்கு தாமிரம், 30 பங்கு துத்தநாகம்), அறுவதற்கு முன் தன் நீளத்தில் பாதிக்கு மேல் நீண்டு கொடுக்கும். அதையே அடித்து இறுக்கிவிட்டால் பத்து சதவீதம்கூடக் கொடுக்காது. கழுத்தை ஒடுக்கும்போது உலோகம் உள்பக்கமாக நெருங்குகிறது, தகடும் தடிக்கிறது. அதனால் அந்த நேரத்தில் பெரும்பாலும் வெடிக்காது, சுருக்கம்தான் விழும். எல்லாம் முடிந்து வாயை வெளியே விரித்து மடக்கும்போது கதை மாறிவிடுகிறது. செம்பிலேயே அதிகம் இறுகிப்போன இடத்தைப் பிடித்து இழுக்கிறீர்கள். உங்கள் செம்பு வாயோரத்தில் வெடிப்பது அதனால்தான். கழுத்தில் விழுந்த சுருக்கத்தைக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியால்) உடனே தட்டி எடுத்துவிட வேண்டும். மடிந்து அமுங்கிய சுருக்கமும் பின்னால் விரிசலாகத்தான் வாய் திறக்கும்.

வயிறு 120 மில்லிமீட்டர், கழுத்து 70 என்று வைத்துக்கொள்வோம். 120-லிருந்து 100, ஒரு சூடு. 100-லிருந்து 84, மறுபடியும் சூடு. 84-லிருந்து 70. வாயை விரிப்பதற்கு முன் இன்னொரு சூடு. பட்டறையில் நேரம் மிச்சம் பிடிக்க இந்தக் கடைசிச் சூட்டைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். காதும் ஒரு கருவிதான்: இளகிய தகட்டில் அடி விழுந்தால் ‘டப்’ என்று அடங்கும், இறுகிய தகடு ‘டங்’ என்று பாடும். அது பாட ஆரம்பித்ததும் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு உலைக்குப் போங்கள்.

சூடு எவ்வளவு? 500 முதல் 550 டிகிரி செல்சியஸ் போதும். எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சிவக்க ஆரம்பிப்பது ஏறத்தாழ 525 டிகிரியில். அதுவும் இருட்டில்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில் முற்றத்தில் வைத்துச் செம்பு சிவக்கட்டும் என்று காத்திருந்தால், நீங்கள் சிவப்பைப் பார்க்கும்போது சூடு எல்லை தாண்டியிருக்கும். உலையை நிழலுக்குக் கொண்டுபோங்கள். கழுத்தைத் தீயில் சுற்றிக்கொண்டே இருந்து, மங்கலான சிவப்பு ‘இருக்கிறதா, இல்லையா’ என்று சந்தேகம் வரும்போதே வெளியே எடுத்துவிடுங்கள். ஆரஞ்சு நிறம் வரைக்கும் விட்டால் உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகள் பெருத்துவிடும். அடுத்த அடியில் மேல்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரக்கும், எவ்வளவு மெருகு போட்டாலும் மறையாது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், 70:30 பித்தளை 915-இல் உருகத் தொடங்கும். வெள்ளைப் புகை கிளம்பினால் உங்கள் துத்தநாகம் காற்றில் போகிறது என்று அர்த்தம். அதைச் சுவாசித்தால் ராத்திரி காய்ச்சலும் நடுக்கமும் வரும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் இந்த வேலையே வேண்டாம்.

சூட்டோடு தண்ணீரில் போட்டால் இறுகிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது எஃகின் குணம். பித்தளையைத் தண்ணீரில் போட்டாலும் காற்றில் ஆறவிட்டாலும் இளக்கம் ஒன்றுதான். பிறகு கறுப்பு போகப் புளித்தண்ணீரோ நீர்த்த அமிலமோ போதும். அமிலத் தொட்டிக்குள் இரும்புக் குறடு மட்டும் இறங்கக் கூடாது. வேலை பழகிய காலத்தில் நான் ஒருநாள் மறந்து விட்டுவிட்டேன். தொட்டியில் கரைந்திருந்த தாமிரம், அன்றைக்குப் போட்ட பாத்திரங்கள் மேலெல்லாம் ரோஜா நிறத்தில் படிந்துவிட்டது. அத்தனையையும் தேய்த்து எடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

தகடு வாங்கும்போது 70:30 என்றும், ‘சாஃப்ட்’ என்றும் கேட்டு வாங்குங்கள். 63:37 தகடும் வேலைக்கு ஆகும், ஆனால் ஆழமாக ஒடுக்க 70:30 அளவுக்குக் கொடுக்காது. துத்தநாகம் 40-ஐ நெருங்கினால் சூட்டில்தான் வளையும், குளிரில் வெடிக்கும். பழைய குழாய், வால்வு உருக்கிய பித்தளையில் கடைசல் வசதிக்காகக் காரீயம் கலந்திருக்கும். அதில் கழுத்து ஒடுக்கவே முடியாது.

இனி, தொடாமலே வெடித்த செம்புகள். கடிதத்தின் கடைசியில், செம்புகளை அடுக்கிய அறை மாட்டுத்தொழுவத்தை ஒட்டியது, யூரியா மூட்டையும் அங்கேதான் கிடக்கும் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலங்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். மழை முடிந்து பார்த்தால் கழுத்துப் பக்கம் விரிசல். ‘பருவ விரிசல்’ என்று பேர் வைத்தார்கள், காரணம் மட்டும் பிடிபடவில்லை. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியாதான் காரணம் என்பது 1921-இல் வெளிவந்த ஆய்வில்தான் தெளிந்தது. அடித்து ஒடுக்கிய கழுத்துக்குள் இழுவிசை அடங்கிக் கிடக்கிறது. ஈரக்காற்றோடு கொஞ்சம் அமோனியா சேர்ந்தால் போதும், அந்த இழுவிசையே பித்தளையைப் பிளந்துவிடும். லாயத்துக்குப் பதில் உங்களுக்குத் தொழுவம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்குக் குறைவே இல்லை. யூரியாவும் ஈரம்பட்டால் அமோனியா விடும். ஈயம் பூசுகிறவர்கள் போடும் நவச்சாரமும் சூட்டில் அமோனியா விடுகிற சரக்குதான், அதையும் பாத்திர அறையில் வைக்காதீர்கள்.

அறையை மாற்றுவது பாதி வேலை. வாங்கிப் போகிறவர் வீட்டிலும் தொழுவம் இருக்கும் அல்லவா? அதனால் உள்ளே இருக்கும் இழுவிசையையே எடுத்துவிட வேண்டும். கடைசி அடி முடிந்ததும் செம்பை 260 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். இந்தச் சூட்டில் பித்தளை இளகாது, நெளியாது, இழுவிசை மட்டும் தளர்ந்துவிடும். இதற்கு உலை சரிவராது, அளவு நிற்காது. சூடு நிறுத்திப் பிடிக்கும் மின்அடுப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மேலே லேசாகப் பழுப்பு ஏறும், புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

இப்போது அறையில் மிச்சம் இருப்பவற்றை வெளியே எடுத்துக் கழுவிக் காயவையுங்கள். கழுத்திலும் வாயோரத்திலும் மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, துடைத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மயிரிழைக் கோடாக வெள்ளையில் ஊறித் தெரியும். கோடு தெரியாதவற்றை 260-இல் வைத்துவிட்டு விற்கலாம். கோடு விட்டதைப் பற்றவைத்து விற்காதீர்கள், இன்றைக்கு ஒரு கோடு என்றால் அடுத்த மழைக்கு அதன் பக்கத்திலேயே இன்னொன்று வரும். பழைய பித்தளைக்குப் போடும்போது குழாய்த் துண்டுகளோடு கலக்காமல் தனியாக மூட்டை கட்டுங்கள், காரீயம் சேராத 70:30 என்று சொல்லிக் கொடுக்கலாம்.