ஊட்டிக் குளிரில் ஆர்டிஎக்ஸ் 3080-க்குப் பவர் லிமிட் குறைக்க வேண்டுமா?

கேள்வி இது: ஊட்டியில் அசெம்பிள் செய்த கணினி, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு. கேம் ஓடும்போது கரண்ட் போனால் யுபிஎஸ் தாங்காமல் அணைந்துவிடுகிறது. குளிர் ஊரில் பவர் லிமிட்டை, அதாவது கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பை, குறைப்பதால் பயன் உண்டா?

உண்டு. குளிரை மட்டும் நம்ப வேண்டாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. மெல்லிய காற்று வெப்பத்தைக் குறைவாகவே அள்ளிச் செல்லும். குளிரில் கிடைக்கும் லாபத்தில் ஒரு பகுதி இப்படிப் போய்விடும்.

உங்கள் தலைவலி யுபிஎஸ்தான். இந்தக் கார்டின் வரம்பு 320 வாட். ஆனால் மில்லிசெகண்ட் கணக்கில் அதைத் தாண்டி எகிறும், அந்த நொடியில்தான் யுபிஎஸ் கைவிடுகிறது. பவர் லிமிட் சராசரியைத்தான் கட்டுப்படுத்தும்; எகிறலை முழுதாக அடக்காது. அதனால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குவதோடு, எந்த வோல்டேஜில் கார்டு எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று காட்டும் வோல்டேஜ் வளைவையும் 0.85 வோல்ட் அருகில் தட்டையாக்குங்கள். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு கூடுவதால் இங்கேதான் நல்ல ஆதாயம். வேகம் பெரும்பாலும் சில சதவீதமே குறையும். கேம் நடுவில் நின்றால் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றுங்கள். விண்டோஸ் தொடங்கும்போதே அமைப்பு ஏறும்படி வைக்க மறக்காதீர்கள்.

அப்புறம், என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'அதிகபட்சத் திறன்' தேர்வாகியிருந்தால் சாதாரண நிலைக்கு மாற்றுங்கள். சும்மா இருக்கும்போதும் அது கார்டின் கடிகார வேகத்தை (சிப் ஓடும் வேகத்தை) உயர்த்தியே வைத்திருக்கும்.

இத்தனைக்கும் பிறகும் அணைந்தால் யுபிஎஸ்ஸின் விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணைப் பார்க்காதீர்கள், வாட் எண்ணைப் பாருங்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் பெட்டி பெரும்பாலும் 360 வாட்தான் தரும். 3080 வைத்த கணினிக்கு அது போதவே போதாது.