பொம்பர்காரனுக்குச் சிலையா?

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் பிரான்சில் லியோன் நகரில் இருக்கிறேன். சென்ற மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்திருந்தார். பெல்கூர் சதுக்கத்தில் உயரமான வெள்ளைத் தூணின்மேல் உட்கார்ந்திருக்கும் சிலையைக் காட்டி, யார் என்று கேட்டார். எழுத்தாளர் செந்த்-எக்சுபெரி, உலகப் போரில் விமானத்தோடு காணாமல் போனவர் என்றேன். “பொம்பர்காரனுக்குச் சிலையா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டார். 1996இல் காணாமல் ஆக்கப்பட்ட என் அண்ணனுக்கு ஊரில் ஒரு கல்கூட இல்லை. அம்மாவுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

வாசகி, லியோன்

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவின் கோபத்தில் பிழை இல்லை. நானும் பதுங்குகுழிக்குள் வளர்ந்தவன்தான். குண்டு போட வரும் பொம்பரான சகடையின் இரைச்சல் தொலைவில் கேட்டதுமே அம்மா அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு எங்களைக் குழிக்குள் இறக்குவார். ஒவ்வொரு அதிர்வுக்கும் பனங்குற்றிகளின் இடுக்கிலிருந்து ஈரமண் பிடரியில் உதிரும். 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின்மேல் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மண்ணிலிருந்து வந்த ஒரு தாய், விமானி ஒருவரின் சிலையை வேறு எப்படிப் பார்ப்பார்?

ஆனாலும் இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது. 1944 ஜூலை 31 காலை கோர்சிகாத் தீவிலிருந்து அவர் ஓட்டிச் சென்ற விமானத்தில் குண்டும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. படம் பிடிக்கும் கேமராக்கள்தாம் இருந்தன. (அவை தீங்கற்றவை என்று சொல்லமாட்டேன். எங்கள் தலைக்குமேல் வேவு விமானம் சுற்றிய நாட்களில், அடுத்து என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும்.) வயது 44. பழைய காயங்களால் விமானி உடையைத் தானாக அணியக்கூட முடியாத உடம்பு. ஜெர்மனியின் நாசிப் படை பிடித்து வைத்திருந்த தன் நாட்டின்மேல் பறந்தவர் திரும்பவில்லை.

54 ஆண்டுகள் ஒரு தடயமும் இல்லை. 1998இல் மார்செய் கடலில் மீனவர் ஒருவரின் வலையில் கறுத்துப்போன வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்று ஏறியது. தேய்த்துப் பார்த்தபோது அவருடைய பெயர் தெரிந்தது, கூடவே மனைவி கொன்சுவேலோவின் பெயரும் நியூயோர்க் பதிப்பகத்தின் முகவரியும். பிறகு கடலடியில் விமானத்தின் சிதைவுகளைக் கண்டுபிடித்து, 2003இல் வெளியே எடுத்து, அடுத்த ஆண்டு தொடர் இலக்கத்தை வைத்து உறுதிசெய்தார்கள். உடல் அடையாளம் காணப்படவே இல்லை.

உங்கள் சதுக்கத்துச் சிலை 2000இல், அவருடைய நூற்றாண்டில் வைத்தது. உடல் வராத பிள்ளைக்கு அவன் பிறந்த வீட்டின் அருகிலேயே ஊர் நட்ட கல் அது. அடுத்த முறை நிமிர்ந்து நன்றாகப் பாருங்கள். விமானி உடையில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பின்னால் அவர் படைத்த குட்டி இளவரசன் நிற்கிறான். விமானம் இல்லை, வெற்றிக்கொடி இல்லை. படையின் பெருமைக்காக எழுப்பிய தூண் என்றால் நானும் உங்கள் அம்மாவோடு நடந்திருப்பேன். இதன்முன் நிற்பேன். விழுந்தவனின் பெயரையும் பெருமையையும் எழுதி, மயிற்பீலி சூட்டி நடுகல் நட்டவர்கள் நாம். இது நமக்குப் புரியாத மொழி அல்ல.

உங்கள் அண்ணனுக்குக் கல் இல்லாதது மறதியால் அல்ல, தங்கையே. கல் நட்டால் அவன் இல்லை என்று அம்மாவே ஒப்புக்கொண்டதாகிவிடும். என்ன நடந்தது என்று யாரும் சொல்லாதபோது அவர் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார் கேட்பதும் அந்த ஒரு பதிலைத்தான்.

சிலையைப் பற்றி அம்மாவிடம் இனி வாதாட வேண்டாம். அந்தக் கைச்சங்கிலியைப் பற்றிச் சொல்லலாம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் 54 ஆண்டுகள் என்ற கணக்கு அவர் மனத்தில் என்ன செய்யும் என்று நீங்கள்தான் அறிவீர்கள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.