கல்வி ஆலோசகரைப் போய்ப் பார்ப்பதால் பிரயோஜனம் உண்டா?

கேள்வி: "தங்கச்சி கொழும்பில் கெம்பஸ் முதலாம் வருடம். முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் ஃபெயில். அவளுக்குக் கல்வி ஆலோசகர் என்று ஒரு லெக்சரரை ஒதுக்கியிருக்கிறார்களாம். அவரைப் போய்ப் பார்ப்பதால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?"

உண்டு. ஆனால் வெறுங்கையோடு போகக்கூடாது.

நான் லெக்சரர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு அரச பல்கலைக்கழகத்தில் பீடாதிபதி அலுவலகக் கவுன்டரில் இருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். கிளார்க்குக்கு ஆலோசனை சொல்ல என்ன தகுதி என்று நினைப்பவர்கள் இத்தோடு அடுத்த பதிலுக்குப் போகலாம். ரிப்பீட் விண்ணப்பம் (விழுந்த பாடத்தைத் திரும்ப எழுதக் கேட்பது), மெடிக்கல் (நோய்க்கான மருத்துவச் சான்றிதழ்), விலகல் கடிதம் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் மேலே போகின்றன. யார் எதில் தடுக்கி விழுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் தங்கச்சி ஏ.எல்லில் நன்றாகச் செய்தவளாக இருப்பாள். அதுவரை எந்தப் பாடத்திலும் விழுந்திருக்க மாட்டாள். ஃபெயில் என்பதை உங்களுக்கு மட்டும் சொல்லியிருப்பாள், அப்பாவுக்கு இன்னும் தெரியாது. சரிதானே?

இப்படி விழுகிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு மூளையில் குறை இல்லை, படிக்கும் நேரக் கணக்கில்தான் குறை. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. 3 கிரெடிட் பாடத்துக்கு 150 மணித்தியாலம். அதில் லெக்சர் 45 மணித்தியாலம் வரும், மிச்சம் நூற்றுச் சொச்சத்தை அவளே உட்கார்ந்து படிக்க வேண்டும். டியூஷன் மாஸ்டர் எல்லாவற்றையும் கையில் தந்து பழக்கிய பிள்ளைக்கு இதை யாரும் சொல்வதில்லை. 'மாவட்டக் கோட்டாவில் வந்ததுகள் இப்படித்தான்' என்று எழுத ஒருவர் வருவார், தெரியும். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள், பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு அதுதான் அனுமதி முறை. கொழும்புப் பெரிய பாடசாலைப் பிள்ளைகளின் ரிப்பீட் விண்ணப்பத்துக்கும் நான்தான் சீல் அடிக்கிறேன், ஐயா.

சில வருடங்களுக்கு முன் வன்னிப் பக்கத்துப் பெடியன் ஒருவன் கவுன்டருக்கு வந்தான். தன்னுடைய மூலச் சான்றிதழ்களைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டான்.

"எதுக்கு தம்பி, பேங்குக்கா?"

"இல்லை மிஸ். நான் விட்டிட்டுப் போகப்போறன்."

பின்னால் வரிசை நின்றது. பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு வரிசை முடிந்ததும் கேட்டேன். பரீட்சை நேரம் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறான், இரண்டு பேப்பர் எழுதவில்லை. ரிசல்ட் வரவே இல்லை, அதற்குள் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிவிட்டான். மெடிக்கல் குடுத்தியா என்றால், "லெக்சர் எடுத்த சேருக்குத் தெரியும் மிஸ், பெடியள் சொன்னவங்கள்" என்கிறான்.

லெக்சரருக்குத் தெரிந்தால் பீடத்துக்குத் தெரிந்ததாகாது. எங்கள் பீடத்தில், இன்னும் பல பீடங்களிலும், ஏற்றுக்கொள்ளப்பட்ட மெடிக்கல் இல்லாமல் பரீட்சைக்கு வராவிட்டால் அதுவும் பரீட்சை எழுதிய ஒரு தடவையாகக் கணக்கில் விழும். அடுத்த முறை எழுதுவது ரிப்பீட். எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் கிடையாது. மெடிக்கல் ஏற்றுக்கொள்ளப்பட்டால் அடுத்த முறை எழுதுவதே முதல் தடவை, ஏ எடுத்தால் ஏதான். மெடிக்கல் கொடுக்கவும் காலக்கெடு உண்டு. அவனுக்கு அது முடியப்போகும் நேரம்.

உன் ஆலோசகர் யார் என்று கேட்டேன். அறிவித்தல் பலகையில் ஒட்டிய பட்டியலை போனில் படம் எடுத்து வைத்திருந்தான். போனதில்லை. "சேர் சிங்களம் மிஸ். எனக்கு இங்கிலிஷும் வராது, போய் என்னத்தைக் கதைக்கிறது?"

டயக்னோசிஸ் கார்ட் வெள்ளவத்தை போர்டிங்கில் இருந்தது. பஸ் ஏறிப் போய் எடுத்து வரச் சொன்னேன். அவன் வருவதற்குள் அரைத் தாளில் இங்கிலிஷில் நாலு வரி எழுதினேன்: சுட்டெண், எழுதாத பேப்பர், தேதி, ஆஸ்பத்திரி. அவ்வளவுதான். ஆலோசகருக்குப் போன் செய்து அந்தத் தாளோடு மேலே அனுப்பினேன். வாசலில் நின்று தடுமாற வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அந்த சேர் சிபாரிசுக் கடிதம் கொடுத்ததோடு விடவில்லை. அதற்கு முந்தைய செமஸ்டர் புள்ளிகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். கணக்கீட்டுப் பாடத்தில் கணக்கெல்லாம் சரி, விளக்கம் எழுதும் கேள்விகள் வெறுமை. வாரம் ஒரு பந்தி இங்கிலிஷில் எழுதிக் கொண்டுவா என்றாராம். அடுத்த வருடம் இந்த இரண்டு பேப்பரும் சேரும் செமஸ்டரில் மேலதிகத் தெரிவுப் பாடம் எடுக்காதே என்றும் தடுத்திருக்கிறார். இது எனக்குத் தோன்றியிருக்காது. கவுன்டரில் இருக்கிறவளுக்கு விதி தெரியும், பாடம் தெரியாது. பீடச் சபை மெடிக்கலை ஏற்றது. பெடியன் செகண்ட் லோவரோடு, அதாவது இரண்டாம் வகுப்புக் கீழ்நிலைச் சித்தியோடு, பட்டத்தை முடித்தான்.

இதையெல்லாம் நாங்கள் செய்வது யாருக்கும் தெரியாது. 2024 மே மாதம் தொடங்கி ஜூலை வரை பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்களான எங்கள் வேலைநிறுத்தம் நடந்தபோது பேஸ்புக்கில் எங்களைத் திட்டியவர்களில் பாதிப் பேர் எங்களிடம் கடிதம் வாங்கிப் போனவர்கள்தான். லெக்சரர் பகிஷ்கரித்தால் உரிமைப் போராட்டம், நாங்கள் செய்தால் சோம்பேறிகள். வாடகை எங்களுக்கும்தான் ஏறுகிறது. அரசியல் பேசுகிறாள் என்றால் சொல்லிவிட்டுப் போங்கள்.

உங்கள் தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன். ரிசல்ட் ஷீட், லெக்சருக்குப் போன வரவு விபரம், பீடக் கைநூல் மூன்றையும் எடுத்துப் போகட்டும். பீடத்துக்குப் பீடம் விதி மாறும், சீனியர் சொன்னார் என்று எதையும் நம்ப வேண்டாம். முதல் செமஸ்டர் பாடத்துக்குப் பெரும்பாலும் அடுத்த வருடம் அதே செமஸ்டரில்தான் ரிப்பீட் வரும். அப்போது வழக்கமான பாடங்களோடு இந்த இரண்டும் சேரும். விழுந்ததில் எது இரண்டாம் வருடப் பாடத்துக்கு முன்தேவை (முதலில் பாஸாகியிருக்க வேண்டியது), சுமையை எப்படிப் பிரிப்பது, இந்த இரண்டையும் கேட்டால் போதும். 'நான் என்ன செய்ய சேர்' என்று பொதுவாகக் கேட்டால் 'நல்லாப் படியுங்கள்' என்ற பதில்தான் வரும். லெக்சரர்மாரைக் குறை சொல்லவில்லை, பொதுவான கேள்விக்கு நானும் அதைத்தான் சொல்வேன். விழுந்ததற்குக் காரணம் வீட்டுப் பிரச்சினை, பணம், மனக்கஷ்டம் என்றால் அதற்கு மாணவர் ஆலோசகர் என்று வேறொருவர் இருப்பார், அவரிடம் போகட்டும்.

அப்புறம், நீங்கள் கூடப் போகாதீர்கள். அண்ணனோ அக்காவோ வந்து உட்கார்ந்தால் அந்த சேர் உங்களோடுதான் கதைப்பார், அவள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பாள். கட்டாயம் போகத்தான் வேண்டும் என்றால் கன்டீனில் பிளேன்டீ குடித்துக்கொண்டு இருங்கள்.