பிழை இடது கையில்

கேள்வி: எனக்கு 19 வயது. சாவி இல்லாமல் பூட்டுத் திறப்பதைப் பொழுதுபோக்காகப் பழக ஆசைப்பட்டு, ஒன்லைனில் 20 கம்பி கொண்ட பெட்டி ஒன்று வாங்கினேன். அதோடு வந்த கண்ணாடிப் பூட்டை மூன்றாம் நாளே 10 செக்கனில் திறந்துவிட்டேன். பிறகு எங்கள் காம்பராக் கதவுப் பூட்டைக் கழற்றி எடுத்து இரண்டு வாரம் முயன்றேன், அசையவே இல்லை. கடைசியில் கொக்கிக் கம்பியின் முனை உள்ளே உடைந்துவிட்டது. இப்போது சாவியும் முழுதாக நுழையவில்லை. "கள்ளன் வேலை பழகுறியா?" என்று அப்பா சத்தம் போடுகிறார். எங்கே பிழை விட்டேன்?
– வாசகர் ஒருவர், கொட்டகலை

பதில்: அந்த முனையை முதலில் வெளியே எடுப்போம் தம்பி, மற்றதைப் பிறகு பேசலாம். சாவியால் குத்தித் தள்ளாதீர்கள், இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். பூட்டின் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து ஒரு பலகையில் மெதுவாகத் தட்டுங்கள். வரவில்லையா? தச்சர்கள் வளைவு வெட்டும் வாளின் மெல்லிய அலகு ஒன்றை ஹார்ட்வெயார் கடையில் வாங்குங்கள். பற்கள் உங்களைப் பார்த்துச் சாய்ந்திருக்க, உடைந்த துண்டின் ஓரமாக அதை நுழைத்து, கொஞ்சம் திருகி, நேராக இழுங்கள். பல் துண்டைக் கவ்விக்கொண்டு வரும். சாவியோடு சேர்ந்து திரும்பும் உருளை பூட்டிய நிலையிலேயே இருக்கட்டும், அரைகுறையாகத் திரும்பியிருந்தால் எதுவும் வராது.

இனிப் பிழைக்கு வருவோம். இந்தப் பொழுதுபோக்குக்கு ஜேர்மனியில் 1997 முதல் முறையான சங்கமே இருக்கிறது. எந்த நாட்டுக்காரரிடம் கேட்டாலும் இரண்டு விதி சொல்வார்கள். உங்களுடையதல்லாத பூட்டைத் தொடாதீர்கள். உங்களுடையதே ஆனாலும் பாவனையில் உள்ள பூட்டைத் தொடாதீர்கள். முதலாவதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். இரண்டாவதை மீறிவிட்டுத்தான் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார்கள்.

அடுத்தது அந்தக் கண்ணாடிப் பூட்டு. அதில் நீங்கள் கற்றது ஒன்றுமில்லை. உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்த்துத் திறந்தீர்கள். அந்த வகைப் பூட்டுகள் லொடலொடவென்று செய்யப்பட்டவை, கம்பியை உள்ளே விட்டு ஆட்டினாலே திறக்கும். உண்மையான பூட்டில் கண்ணுக்கு வேலை இல்லை. விரலுக்குத்தான் வேலை, உங்கள் விரல் இன்னும் பள்ளிக்கூடமே போகவில்லை. கண்ணாடிப் பூட்டை வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் விளையாடக் கொடுத்துவிடுங்கள்.

ஒருபக்கம் மட்டும் பல் வெட்டிய தட்டைச் சாவி போடும் பூட்டு என்றால், உள்ளே இருப்பது 1860களில் அமெரிக்கரான லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற அமைப்புத்தான். வெளிக்கூட்டுக்குள் ஓர் உருளை. இரண்டையும் ஊடறுத்துப் பெரும்பாலும் ஐந்து துளை. ஒவ்வொரு துளையிலும் கீழே ஒரு பின், அதன்மேல் இன்னொரு பின், அதற்கும் மேல் ஸ்பிரிங். மேல் பின்கள் பாதி கூட்டிலும் பாதி உருளையிலும் நிற்பதால் உருளை திரும்பாது. சரியான சாவி போட்டால், இரண்டு பின்னும் சந்திக்கும் இடம் ஐந்து துளையிலும் உருளையின் விளிம்புக்கு நேராக வந்துவிடும்.

கம்பியால் திறக்க முடிவது, அந்த ஐந்து துளையும் ஒரே நேர்கோட்டில் இல்லாததால். எந்தத் தொழிற்சாலையிலும் மயிரிழை விலகல் இருக்கும். ஆகவே உருளையை லேசாக முறுக்கினால் ஐந்து பின்னும் ஒன்றாக இறுகாது. ஒன்று மட்டும் முதலில் இறுகும். அதை மெதுவாக உயர்த்தினால் ஒரு சின்ன 'டிக்', உருளையில் ஒரு மயிரிழை அசைவு. மேல் பின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது என்று பொருள். இப்போது வேறொரு பின் இறுகும். அதைத் தேடுங்கள்.

உருளையை முறுக்கும் கம்பியை, அதாவது முறுக்குக் கம்பியை, நீங்கள் இடது கையால் பலமாக அழுத்தியிருப்பீர்கள், கொக்கியின் முனை உடைந்த விதமே அதைச் சொல்கிறது. அந்த அழுத்தத்தில் ஐந்து பின்னும் ஒன்றாகக் கல்லாகிவிடும். எது முதலில் இறுகியது என்று விரலுக்குத் தெரியாது. தெரியாதபோது வலது கை கொக்கியை நெம்பத் தொடங்கும். மலிவான பெட்டிகளில் வரும் கம்பி தரம் குறைந்தது, நெம்பினால் உடையாமல் என்ன செய்யும்? கொழுந்து கிள்ளும்போது பெருவிரல் கொடுக்கும் அழுத்தத்தை நினைத்துப் பாருங்கள், அதில் பாதி போதும். முறுக்குக் கம்பியில் வைத்த விரலின் நகத்தைப் பாருங்கள். நகம் வெளுத்தால் அழுத்தம் கூட. ரோஸ் நிறம் மாறாமல் இருந்தால் சரி.

பழகும் முறை இது. பழைய கதவுப் பூட்டின் பித்தளை உருளை ஒன்றைக் கூட்டோடு வாங்குங்கள், 5 பின் போதும். பின்பக்கத்து வளையத்தைக் கழற்றி, சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்பி, உருளையை வெளியே தள்ளுங்கள். தள்ளும்போது அதே பருமனுள்ள மரக்குச்சியால் பின்தொடர வேண்டும். பெரும்பாலான உருளைகளுக்கு அரை அங்குலம் கிட்டத்தட்டப் பொருந்தும். குச்சிக்கும் உருளைக்கும் இடையில் இடைவெளி விட்டீர்களோ, ஸ்பிரிங்குகள் இஸ்தோப்பு முழுக்கப் பறக்கும், தேடிப் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். கழற்றிய பின்களை முட்டைத் தட்டின் குழிகளில் வரிசை மாறாமல் வையுங்கள். பிறகு ஒரே ஒரு துளையில் மட்டும் பின்னும் ஸ்பிரிங்கும் போட்டு மூடுங்கள். ஒற்றைப் பின் பூட்டைத் திறப்பது பெரிய காரியமில்லைதான். ஆனால் அந்த 'டிக்' எப்படி இருக்கும் என்று விரல் படிப்பது அதில்தான். ஐம்பது தடவை திறந்த பிறகு இரண்டாவது பின், அதற்குப் பிறகு மூன்றாவது. ஐந்துக்கு வர ஒரு மாதம் எடுத்தாலும் எடுக்கட்டும்.

நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறுவீர்கள். பின்னை அளவுக்கு மேல் உயர்த்திவிட்டால் கீழ்ப் பின்னே கூட்டுக்குள் புகுந்து இறுகிக்கொள்ளும், பிறகு எதைத் தொட்டாலும் அசையாது. அப்போது பிடிவாதம் வேண்டாம். முறுக்கை மிக மெதுவாகத் தளர்த்திக் காதைக் கிட்ட வைத்தால் பின்கள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்கும். சட்டென்று விட்டால் எல்லாம் விழுந்துவிடும், எது பிழை என்று தெரியாமலே போகும். மற்றது, உருளை சில பாகை திரும்பிவிட்டு அப்படியே நிற்கும். திறந்துவிட்டது என்று துள்ளாதீர்கள். உள்ளே நூல்கண்டு போல் இடுப்புச் சிறுத்த பின்கள் இருக்கின்றன, அவை போடும் வேடம் அது. ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு பின்னை அழுத்தும்போது உருளை உங்கள் இடது விரலை எதிர்த்துப் பின்னால் திரும்பப் பார்க்கும். அதுதான் ஆள். முறுக்கை இன்னும் தளர்த்தி, உருளை திரும்பி வர இடம் கொடுத்தபடியே அந்தப் பின்னை உயர்த்துங்கள்.

20 கம்பியில் உங்களுக்குத் தேவை குட்டைக் கொக்கி ஒன்று, நீளக் கொக்கி ஒன்று, முறுக்குக் கம்பி இரண்டு. மிச்சத்தைக் கட்டி வையுங்கள். முறுக்குக் கம்பியாக, வைப்பர் றப்பருக்குள் இருக்கும் உருக்குப் பட்டை அருமையாக உதவும், கராஜில் சும்மா கொடுப்பார்கள். கொக்கிக்கு ஹக்சோ அலகு நல்லது, தடிப்பு சுமார் 0.6 மில்லிமீற்றர். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அரையுங்கள். உலோகம் நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது, அது இனி வளையத்தான் செய்யும். கடைசியில் 400, 800, 1200 என்று அரத்தாளால் மினுக்குங்கள். சொரசொரப்பான கம்பி பொய் சொல்லும்.

பொய் சொல்ல நம் ஊர்க் குளிருக்கும் தெரியும். மூடுபனியில் தொங்கிய பூட்டுக்குள் பித்தளை பச்சை பிடிக்கும், ஸ்பிரிங் துருவேறும். பின் துருவில் சிக்கி நிற்பதை இறுகி நிற்பதாக எண்ணி மணிக்கணக்கில் தள்ளிக்கொண்டிருப்பீர்கள். பழகும் பூட்டை முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து நன்றாகக் காயவிடுங்கள். பூட்டு இறுகினால் தேங்காயெண்ணெய் விடுவது லயத்துப் பழக்கம், அதை இன்றோடு விடுங்கள். தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உறையத் தொடங்கும். நுவரெலியாவில் காலையில் போத்தலுக்குள் வெள்ளையாகக் கட்டிப்படுவது பூட்டுக்குள்ளும் கட்டிப்படும். உங்கள் காம்பராப் பூட்டுக்கு அப்பா போட்டிருந்தால் அதையும் கேட்டுவிடுங்கள். இரண்டு வாரத் தோல்வியில் கொஞ்சம் அந்த எண்ணெயின் கணக்கிலும் போகலாம்.

உங்கள் பூட்டு '7 லீவர்' என்று பொறித்த இந்தியப் பூட்டா, சாவி கொடிக்கம்பம் போல் தண்டும் அதன் முனையில் தகடுமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் உங்கள் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது வேறு அமைப்பு, வேறு கம்பி.

அப்பா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி, அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பதும் வீடுடைத்தல்தான். கம்பிப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், பொலிஸ் மறித்தால் பொழுதுபோக்கு என்று விளக்கம் சொல்லிப் பாருங்கள், யார் கேட்பார்கள்? பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும், பழகும் பூட்டுகளோடு ஒரே இடத்தில். அறைக்குள் ஒளிந்து பழகாமல் இஸ்தோப்பில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து பழகுங்கள். 1851இல் ஹொப்ஸ் என்ற அமெரிக்கர் லண்டனில் செய்ததும் அப்படி ஊரறிந்த காரியந்தான். திறக்கவே முடியாது என்று பேர்போன சப் நிறுவனப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். அடுத்து, திறப்பவருக்கு 200 கினி (அந்தக்கால ஆங்கிலப் பணம்) என்று அறுபது வருடமாகக் கடை யன்னலில் சவால் விட்டுக்கொண்டிருந்த பிராமா பூட்டு. அதற்கு 16 நாளில் 51 மணி நேரம் உட்கார்ந்தார். நீங்கள் இரண்டு வாரத்தில் கொக்கியை உடைத்துவிட்டீர்கள்.

காம்பராக் கதவுக்கு இன்றே புதுப் பூட்டு ஒன்று வாங்கிப் போடுங்கள். அதன் சாவி இரண்டும் அப்பாவிடம் இருக்கட்டும்.