டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்காவின் பேய் மாளிகைச் சவாரியான ஹான்டட் மேன்ஷன் யாருடைய படைப்பு?

ஒருவர் பெயரை மட்டும் சொன்னால் அது தவறு. மாளிகையின் வெளிப்புறம் 1963-லேயே தயார். உள்ளே என்ன வைப்பது என்பதில்தான் இழுபறி. டிஸ்னியின் வடிவமைப்பாளர்களில் கிளாட் கோட்ஸ் அச்சமூட்டும் சூழலை விரும்பினார். மார்க் டேவிஸ் வேடிக்கையான பேய்களை. இறுதி முடிவெடுக்கும் வால்ட் டிஸ்னி 1966-இல் இறந்துவிட்டார். 1969-இல் திறந்தபோது முற்பாதியில் ஆளற்ற நீண்ட தாழ்வாரமும், பிற்பாதியில் கல்லறைத் தோட்டக் கும்மாளமும் இருந்தன. இந்தத் தையல் இன்றும் தெரிகிறது. ஆனால் அச்சம் மெல்லக் கொண்டாட்டமாக மாறுவதே இதன் பலம் என்பேன்.

இரண்டையும் பிணைத்தது எக்ஸ் அடென்சியோ எழுதிய வசனமும் பாடல் வரிகளும். நடன அறைப் பேய்கள் யேல் கிரேசியின் கைவண்ணம்: பெரிய கண்ணாடிக்கு அப்பால் ஆளற்ற அறை, பயணிகளின் பார்வைக்கு எட்டாத இடத்தில் ஒளியூட்டிய பொம்மைகள், தெரிவது அவற்றின் பிரதிபலிப்பு. பயணிகள் அமரும் வண்டிகள் தாமாகத் திரும்பி, பார்க்க வேண்டியதை மட்டும் காட்டுகின்றன. பார்வைக் கோணம் தவறினால் மாயமே கலைந்துவிடும். எனவே வண்டிப் பொறியாளரும் இதன் படைப்பாளிதான்.